செம்போத்து கவனிக்காத தாளம்

ஓடைக்காட்டில் அஞ்சனி என்றொரு துடுப்புவால் கரிச்சான் இருந்தாள். கரிச்சான் என்றால் சும்மா இல்லை! மயில் அகவினாலும் சரி, மைனா சண்டை போட்டாலும் சரி, ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். அப்படியே திருப்பிச் சொல்லிவிடும் சாதி அது. அஞ்சனிக்கு இளவட்ட வயசு. வாலில் துடுப்பு இப்போதுதான் எட்டிப் பார்த்தது. அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

அவளுடைய அம்மாதான் அந்தக் காட்டுக்குக் காவல். வல்லூறு வந்தால் முதலில் பார்ப்பது அவள்தான். "கீய்ய்ங்! ஓடுங்க!" என்று ஒரு கூவல் போடுவாள். அவ்வளவுதான், மறுநொடி காடே புதருக்குள் பதுங்கிவிடும்.

போன கோடையில் ஒருநாள் அம்மா அப்படித்தான் கூவினாள். காடு தப்பித்தது. அம்மா தப்பிக்கவில்லை. வல்லூறு அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பாவம், பிள்ளைக்கு அழக்கூட வரவில்லை. அம்மா நினைப்பு வரும்போதெல்லாம் நாவல் மரத்தின் மொட்டைக் கிளையில் போய் உட்காருவாள். அம்மாவின் அந்தக் கடைசிக் கூவலைக் கூவுவாள். அச்சு அசல் அம்மா குரல்! கூவுகிற அந்தக் கணத்துக்கு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

மற்றவர்கள் பாடு? அதை ஏன் கேட்கிறீர்கள்! தேன்சிட்டு பூவுக்குள் போட்ட மூக்கை எடுக்க முடியாமல் தவிக்கும். முயல் சொந்த வளையை விட்டுவிட்டு உடும்பின் வளைக்குள் நுழைந்து வாங்கிக் கட்டிக்கொள்ளும். அஞ்சனியின் உயிர்த்தோழி சுள்ளி, ஒரு சின்ன அணில், கிளையிலிருந்து தலைகுப்புற விழுவாள்.

"தாயில்லாப் பிள்ளை, போகட்டும்" என்று எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நடுவில் வந்தார் செம்போத்தார்!

செம்போத்தைப் பார்த்தால் நல்ல சகுனம் என்று பேர். அந்தப் பேரை வைத்தே வயிறு வளர்த்தவர் இவர். சிவந்த கண்ணில் ஒரு சொட்டு நீரை வரவழைத்துக்கொண்டு அஞ்சனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அடி மகளே! உன் தொண்டையில உங்கம்மா உயிரோட இருக்காளே! இதை ஒருநாளும் நிறுத்திடாதே!"

"எல்லாரும் பயந்து ஓடுறாங்களே மாமா?"

"ஓடட்டுமே! அவங்களா உனக்கு முக்கியம்? நீ நிறுத்தினா உங்கம்மாவை மறந்துட்டேன்னு அர்த்தம். தினமும் கூவு. நல்லா உரக்கக் கூவு!"

இது ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அஞ்சனிக்கு அது தெரியவில்லை. மாமா சொன்னபடி தினமும் கூவினாள். காலையிலும் கூவினாள், மாலையிலும் கூவினாள். கூவும்போதெல்லாம் தாய்ப்பறவைகள் கூட்டை விட்டுப் பறந்தன. திரும்பி வந்து பார்த்தால் முட்டைகளைக் காணோம்!

முட்டை போனால் தவிட்டுக்குருவிகள் சும்மா இருக்குமா? சும்மா இருக்கும்போதே ஏழு பேரும் சேர்ந்து கத்துகிற கூட்டம் அது! நேரே நாவல் மரத்துக்கு வந்துவிட்டார்கள்.

"கள்ளி! எங்களை விரட்டிவிட்டு முட்டையைத் திங்கிறியா?" என்று கத்தினாள் மூத்தவள்.

"இல்ல அத்தை! சத்தியமா இல்ல அத்தை! நான் இந்தக் கிளையை விட்டு நகரவே இல்ல!"

"பின்னே முட்டைக்குக் கால் முளைச்சுதா? இனிமே ஒரே ஒரு தடவை கூவினாலும் உனக்கு இந்தக் காட்டுல இடமில்லை!"

செம்போத்தார் பக்கத்துப் புதரில்தான் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மஞ்சள் கரு ஒழுகியிருக்கும்!

அன்றோடு அஞ்சனி ஊமையாகிவிட்டாள். கூவவில்லை, பாடவில்லை, பேசவும் இல்லை. இரை தேடவும் போகவில்லை. கூவினால் காடு போய்விடும். கூவாவிட்டால் அம்மாவே போய்விடுவாள். அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்?

சுள்ளிக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு கூட்டாளியான டொக்கனை இழுத்துக்கொண்டு வந்தாள். டொக்கன் ஒரு மரங்கொத்திப் பையன். அவனால் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. எதையாவது தட்டிக்கொண்டே இருப்பான்.

"ஏண்டி இப்படி இருக்கே? ஒரு வார்த்தை பேசேன்!" என்றாள் சுள்ளி.

அஞ்சனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி விடு, அவ பேசலேன்னா நாம பேசுவோம்" என்றான் டொக்கன். "அவங்கம்மா உன்னை எப்படித் திட்டுவாங்க, சொல்லு!"

சுள்ளி வாலைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்து நின்றாள். "இப்படித்தான்! கிச் கிச் கிச்! கொட்டையை என் கூட்டுல போடாதடி! கிச்!"

அது அம்மா மாதிரியா இருந்தது? சளி பிடித்த அணில் மாதிரி இருந்தது! அஞ்சனியால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், குரல் தப்பாக இருந்தால் மட்டும் முடியாது. கரிச்சான் ரத்தம் அல்லவா!

"ஐயோ, அப்படியில்லடி!" என்று வெடித்தாள். "எங்கம்மா எங்கேடி கிச் கிச்னாங்க? 'க்ர்ர்ராய்! ஏய் சுள்ளி! வாலைப் பிடிச்சு ஓடையில வீசிருவேன்!' இப்படிச் சொல்லுவாங்க!"

மூவரும் திடுக்கிட்டுப் போனார்கள். அம்மாவேதான்! சாகிற நேரத்து அம்மா இல்லை. வாயாடி அம்மா, கோபக்கார அம்மா, நன்றாக உயிரோடிருந்த அம்மா!

சுள்ளி விழுந்து விழுந்து சிரித்தாள். டொக்கனும் சிரித்தான். அஞ்சனியும் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. "எனக்கு எங்கம்மா வேணும்டி" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா போனபிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சுள்ளி அவளைத் தன் வாலால் போர்த்திக்கொண்டாள். டொக்கன் தட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தான்.

அழுது ஓய்ந்ததும் டொக்கன் கேட்டான். "அம்மா விடியக்காலையில மயில் மாதிரி அகவி மயிலையே ஏமாத்துவாங்களே, அது வருமா?"

வந்தது! சாப்பிடக் கூப்பிடுகிற சீட்டி வந்தது. மழைக்கு முன்னால் போடுகிற கொக்கரிப்பு வந்தது. ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தன! டொக்கன் பட்டுப்போன இலவ மரத்துக்குப் பறந்துபோய் டொக் டொக் டொடக் என்று தாளம் போட்டான். சுள்ளி எதை முன்னால் பாடலாம், எதைப் பின்னால் பாடலாம் என்று குதித்துக் குதித்து யோசனை சொன்னாள். பொழுது சாய்வதற்குள் ஒரு பாட்டே உருவாகிவிட்டது. அஞ்சனிக்குப் பசிகூட எடுத்தது!

"கடைசிக் கூவல் மட்டும் வேணாம்டி" என்றாள் சுள்ளி. "உன்னைத் துரத்திருவாங்க."

அஞ்சனி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அதை விட்டுட்டுப் பாடினா பாட்டு பொய்யாயிரும். எங்கம்மா அப்படித்தானே போனாங்க?"

டொக்கன் மூக்கைச் சொறிந்தான். "நீ தனியாக் கூவுறதாலதானே பயப்படுறாங்க? நான் தாளத்தோட கூட வர்றேன். தாளம் கேட்டா அது பாட்டு. தாளம் இல்லேன்னா அது நிஜ வல்லூறு! எப்படி?"

"அடேய், உனக்கும் மூளை இருக்குடா!" என்று கத்தினாள் சுள்ளி.

மறுநாள் காலையில் சுள்ளி மரம் மரமாக ஓடினாள். "இன்னிக்கு அஞ்சனி அவங்கம்மாவைப் பாடப் போறா! தாளம் கேட்டா ஓடாதீங்க! கூட்டுல இருந்தே கேளுங்க!" செம்போத்தார் மட்டும் அப்போது எங்கோ குப்புறக் கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மூத்த தவிட்டுக்குருவி முறைத்தாள். "ஒரு முட்டை குறைஞ்சாலும் மூணு பேருமே வெளியே போகணும், பார்த்துக்கோ!"

"போறோம்!" என்றாள் சுள்ளி. சொல்லும்போதே சுற்றியிருந்த மரங்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறந்து வளர்ந்த காடாயிற்றே!

அஞ்சனி மொட்டைக் கிளையில் ஏறினாள். பக்கத்து இலவ மரத்திலிருந்து டொக்கன், "நான் இருக்கேன், ஆரம்பி!" என்றான்.

டொக் டொக் டொடக்!

மயில் அகவியது! நிஜ மயில் ஏமாந்துபோய்ப் பதில் சொன்னது. காடு சிரித்தது. சாப்பாட்டுச் சீட்டி கேட்டது. திட்டு கேட்டது. "ஐயோ, அவளேதான்! என்னையும் இப்படித்தான் திட்டுவா!" என்று முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பாட்டு ஏறிக்கொண்டே போனது, தாளமும் ஏறியது. அஞ்சனி கண்ணை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்துக் கூவினாள்.

"கீய்ய்ங்! ஓடுங்க!"

டொடக் டொடக் டொடக்!

ஒருவரும் நகரவில்லை. எல்லாருடைய கால்களும் துடித்தன, ஆனாலும் ஒருவரும் ஓடவில்லை. அம்மாவின் கடைசிக் கூவலைக் காடு முதல் தடவையாக நின்று கேட்டது.

அந்தக் கூவல்தான் செம்போத்தாரையும் எழுப்பியது! "ஆஹா, விருந்துக்கு அழைப்பு வந்தாச்சு!" தாளமும் அவர் காதில் விழுந்தது. ஆனால் மரங்கொத்தி மரத்தைத் தட்டுவது காட்டில் என்ன புதுசா? அதைப் பொருட்படுத்தாமல் புதருக்குள் குனிந்து குனிந்து போனார். காலியாக இருக்கும் என்று நம்பி, தவிட்டுக்குருவியின் கூட்டுக்குள் தலையை விட்டார்.

உள்ளே மூத்தவள் உட்கார்ந்திருந்தாள்!

"அடப்பாவி! நீயா?"

"ந... நல்ல சகுனம் காட்டலாம்னு வந்தேன்!"

"இரு, நான் காட்டுறேன் சகுனம்!"

ஏழு தவிட்டுக்குருவிகளும் பாய்ந்தன. இறகு பறந்தது! மைனா கொத்தியது, முயல் உதைத்தது. அஞ்சனியும் பறந்து வந்து முன்னால் நின்றாள். அவள் கொத்தவில்லை. "மாமா, இதுக்குத்தானா என்னைத் தினமும் கூவச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். செம்போத்தாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதி வாலோடு ஓடையைத் தாண்டி ஓடியவர்தான், பிறகு அந்தப் பக்கம் தலை காட்டவே இல்லை.

அஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தை, என் கூவலாலதானே உங்க முட்டையெல்லாம் போச்சு?"

வாய் ஓயாத மூத்த தவிட்டுக்குருவி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கத்தாமல் மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்கு வல்லூறு வந்தப்ப என் குஞ்சுங்க திறந்த வெளியில மேஞ்சுக்கிட்டிருந்துச்சுங்க. உங்கம்மா கூவினதாலதான் பிழைச்சுச்சுங்க. அன்னிக்கே உன்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டதோட, உனக்குத் திருட்டுப் பட்டமும் கட்டிட்டேன். தப்புதான்டி கண்ணு."

அஞ்சனி அவள் சிறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அழுதது போதும், பாடுடி!" என்றாள் மூத்தவள். "இன்னொரு தடவை பாடு! இந்தத் தடவை நாங்களும் கூடப் பாடுறோம்!"

ஏழு தவிட்டுக்குருவிகள் பாடினால் எப்படி இருக்கும்? காது கிழிந்தது! சுள்ளி காதைப் பொத்திக்கொண்டே ஆடினாள். டொக்கன் தட்டுகிற தட்டில் இலவ மரம் தூள் தூளாக உதிர்ந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே அஞ்சனி தன் அம்மாவை முதலிலிருந்து முழுசாகப் பாடினாள்.

நம் துக்கத்தில் குளிர்காய வருகிறவனும் நண்பன் வேஷத்தில்தான் வருவான். நாம் அழும்போது கூட உட்கார்ந்து, பாடும்போது தாளம் போடுகிறவன் யாரென்று பார்த்து அவனோடு சேர வேண்டும்.