பானையில் மிஞ்சிய சோறு

மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடும் சின்ன மடம் அது. மடத்தை நடத்தியவர் தேவாம்பிகை அம்மாள். காவி கட்டியவர், பேச்சு குறைவு. அவருடைய சீடர் சடையப்பன் அவரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். சீடர் குருவை "அம்மா" என்பார், குரு சீடரை "அண்ணே" என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் காலில் விழுவது என்று தெரியாமல் கொஞ்சம் விழிப்பார்கள்.

பந்தி பரிமாறுவது சடையப்பன் வேலை. அவர் வாளியோடு வந்துவிட்டால் யாரும் அரை வயிற்றோடு எழுந்திருக்க முடியாது. வேண்டாம் என்று கையைக் காட்டினால், விரலிடுக்கிலேயே சாம்பாரை ஊற்றுகிற மனிதர்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அடுப்படியில் நின்றபடியே, பானையில் இருப்பதை வழித்துச் சாப்பிடுவார். இலை போட்டுக்கொள்ள மாட்டார். கொஞ்சம் மிஞ்சினால் கொஞ்சம், அரைப்பானை மிஞ்சினால் அரைப்பானை. உடம்பு வாசலுக்கு அடங்காமல் போனது. சர்க்கரையும் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். சர்க்கரைப் பொங்கல் வைக்கிற நாளில் மட்டும் ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்வார். கணக்கு நேராகிவிடுமாம்!

கணக்கு நேராகவில்லை. கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவே இல்லை.

ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவர், நேராகக் குருவின் முன்னால் போய் நின்றார்.

"டாக்டர் என்ன சொன்னாரு அண்ணே?"

"இப்படியே தின்னுக்கிட்டிருந்தா விரலை எடுத்துருவாங்களாம்மா. அப்புறம் காலு." குனிந்து காலைப் பார்த்தார். "காலு போயிட்டா நான் எப்படிம்மா பந்தியில நடப்பேன்?"

"சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னாரா?"

"சொன்னாரு. அதுதான் முடியலை."

"ருசிக்காகவா?"

"சத்தியமா ருசிக்காக இல்லம்மா." கொஞ்சம் யோசித்தார். "பொங்கல் அன்னைக்கு மட்டும் ருசிக்காக."

அம்மாள் சிரித்துவிட்டார். "மத்த நாள்ல?"

"உங்களுக்கு முன்னாடி பெரிய சாமி மடத்தை நடத்துன காலத்துல, வேலையும் இல்லாம, சாப்பாடும் இல்லாம, இந்த வாசல்ல வந்து விழுந்தேன். பந்தி முடிஞ்சு இலையெல்லாம் எடுத்தாச்சு. பானையில மிஞ்சினதை வழிச்சுக் கொடுத்தாங்க. அடுப்படியில நின்னுக்கிட்டே தின்னேன். இந்த உசிரு அந்தச் சோறும்மா. அந்தப் பானையில நான் மிச்சம் விட்டா நன்றி கெட்டவன் ஆயிட மாட்டேனா? நீங்களே சொல்லுங்க."

அம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

மத்தியானம் பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்தார்கள். சடையப்பன் வாளியை எடுத்தார். அம்மாள் வந்து அதை வாங்கிக்கொண்டார்.

"நீங்க உட்காருங்க அண்ணே."

"நானா? பந்தியிலயா?"

"நீங்க வந்த அன்னைக்கு உங்களை இலை போட்டு உட்கார வைக்க முடியலை. இந்த மடத்துக்கு அது ஒரு குறை. இன்னைக்குத் தீர்த்துக்கிறோம்."

இரண்டு பேர் தோளைப் பிடித்து அவரைப் பாயில் உட்கார வைத்தார்கள். "இன்னைக்கு நீங்களும் எங்க கட்சியா?" என்று பக்கத்து இலைக்காரர் கேலி செய்தார்.

அம்மாள் குனிந்து பரிமாறினார். கீரை, அவரைக்காய்ப் பொரியல், ஒரு கரண்டி சோறு, சாம்பார். பானையில் வழித்தே பழகிய கைக்கு இலையில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மெல்லப் பிசைந்தார். மெல்லச் சாப்பிட்டார். தனக்கென்று ஒருவர் குனிந்து பரிமாறுவதை நினைக்க நினைக்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணீர் இலையில் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா அண்ணே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பானை ஒருநாளும் அவரை இப்படிக் கேட்டதில்லை. கேட்ட பிறகுதான் வயிற்றைக் கவனித்தார். பசி அடங்கியிருந்தது.

இலைக்கு மேலே கையை விரித்துக் காட்டினார்.

"போதும்மா."

அந்தக் கையை எத்தனையோ பேர் அவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் காட்டியது அதுதான் முதல் தடவை.

இலையை மடித்து எழுந்தபோது, அவர் கண் தானாக அடுப்படிப் பக்கம் போனது.

"அம்மா, பானையில மிச்சம் இருக்குமே?"

"இருக்கும்."

"அதை அப்படியே விட்டுட்டு வர்றது..."

"அண்ணே, நீங்க வந்த அன்னைக்கு அந்தப் பானையில சோறு எப்படி மிஞ்சியிருந்துச்சு?"

"தெரியலையேம்மா."

அம்மாள் வாளியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"பந்தியில உட்கார்ந்த யாரோ ஒருத்தர், போதும்னு கையைக் காட்டியிருக்காரு."