பெயருக்கு முன்னால் கஞ்சி

அந்தக் காலத்தில், மனிதர்கள் பேசும்போது ஆடும் ஆமையும் குறுக்கே புகுந்து கருத்துச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், யவனர்களின் கடலில் எத்தனை தீவுகள் இருந்தன என்று யாருக்கும் தெரியாது. இன்று நாம் கிரேக்கர் என்று சொல்கிறோமே, அவர்கள்தான் அந்த யவனர்கள். ஆனால் அப்போது அவர்கள் தங்களைச் சேர்த்து ஒரு பெயரில் சொல்லிக்கொண்டதில்லை. ஓரியாத் தீவில் இருந்தவர்கள் ஓரியாக்காரர்கள். தாம்னோஸ் தீவில் இருந்தவர்கள் தாம்னோஸ்காரர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு காலைப்பொழுது துடுப்புப் போடுகிற தூரம்தான். ஆனாலும் எதிர்க்கரையில் இருப்பவர்கள் வேறு மாதிரியான ஆட்கள் என்று இரண்டு கரையும் உறுதியாக நம்பின.

அதனால் வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் கேள்விதான். எந்த ஊர்? யார் மகன்? என்ன பெயர்? பதில் பிடித்திருந்தால் கால் கழுவத் தண்ணீர் வரும். இல்லையென்றால் கதவு மூடிக்கொள்ளும்.

ஓரியாவில் தியானோ என்றொரு பெண் தனியாக இருந்தாள். போன வசந்தத்தில் தாம்னோஸ் படகு ஒன்று ஓரியாவின் மீன்படகை மோதிக் கவிழ்த்தது. அதில் போன ஐந்து பேரும் திரும்பவில்லை. தியானோவின் தம்பி நிகாண்டர் அவர்களில் ஒருவன்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள், இரவெல்லாம் அடித்த புயல் ஓய்ந்திருந்த நேரம், அவள் கதவை யாரோ தட்டினார்கள். அடுப்பில் பார்லிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கதவை ஒரு கையகலம் மட்டும் திறந்தாள்.

வெளியே ஒருவன் நின்றான். தாடியில் கடற்பாசி ஒட்டியிருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு.

"எந்த ஊர்?"

அவன் யோசித்தான். "தெரியவில்லை, அம்மா."

"யார் மகன்?"

அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான், அங்கே எழுதியிருக்கும் என்பதுபோல. "அதுவும்..."

"பெயராவது?"

வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. இடது காதுக்கு மேலே முட்டை அளவுக்கு வீங்கியிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

பொய் சொல்கிறவனுக்குக் கதவைச் சாத்தலாம். உண்மை சொல்கிறவனுக்குத் திறக்கலாம். எதையுமே சொல்லாதவனுக்கு என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவள் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"நடிக்கிறான்," என்றது கொட்டிலிலிருந்து அவளுடைய ஆடு.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. யாராவது ஏதாவது சொல்லட்டுமே என்றுதான் சொன்னேன்."

அதற்குள் பக்கத்து வீட்டுக் கோர்கோ மீன் கத்தியோடு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஊர்த் தலைவர் பித்தியாஸ் வந்தார். அவருக்குப் பின்னால் பாதி ஊரே வந்தது. வந்தவனை அத்திமரத்தடியில் உட்காரவைத்துச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்," என்றார் பித்தியாஸ். "ஏதாவது பேசு."

"பசிக்கிறது," என்றான் அவன்.

"நம் பேச்சுத்தான்!" என்றார் ஒருவர்.

"தாம்னோஸ்காரனும் பசித்தால் இப்படித்தானே சொல்லுவான்?" என்றாள் கோர்கோ.

தாம்னோஸ்காரர்கள் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. கத்தித்தான் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு கோர்கோவே ஒரு வழி சொன்னாள். "ஒரு காலிக் கிண்ணத்தைக் கொடுங்கள். திராட்சை மது இருப்பதாக நினைத்துக் குடிக்கட்டும். காட்டு மனிதன் என்றால் தண்ணீர் கலக்காமல் அப்படியே வாயில் கவிழ்ப்பான்."

கிண்ணம் கொடுத்தார்கள். அவன் அதை வாங்கி, இல்லாத மதுவில் இல்லாத தண்ணீரை நிதானமாகக் கலந்தான். கிண்ணத்தைச் சாய்த்து இரண்டு சொட்டு தெய்வங்களுக்கென்று தரையில் விட்டான். அதன் பிறகுதான் உதட்டருகே கொண்டுபோனான். ஒன்றுமில்லாத கிண்ணத்திலிருந்து அவன் விழுங்கியதைத் தியானோ பார்த்தாள். தொண்டை உண்மையாகவே ஏறி இறங்கியது.

"அப்படியே நம்மைப்போல!" என்றார் பித்தியாஸ். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவர் முகத்துக்குத் தெரியவில்லை. "ஆனால் நம் ஊரில் இவனை யாருக்கும் தெரியாதே. நம்மைப்போலவே எல்லாம் செய்கிறவன் நம்மவனாக இல்லாமல் எப்படி இருக்க முடியும்?"

சுவரோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை தலையை நீட்டியது. "எனக்கு நீங்கள் எல்லாருமே ஒன்றுபோலத்தான் தெரிகிறீர்கள். நான் இரண்டு தீவிலும் இருந்திருக்கிறேன்."

"நீ தலையை உள்ளே இழு," என்றாள் கோர்கோ.

பித்தியாஸ் தியானோவைத் தனியே அழைத்தார். "நான் சொல்வதைக் கேள் அம்மா. இவன் தாம்னோஸ்காரனாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை. உன் தம்பியை நான் மறக்கவில்லை. ஆனால் அது தெரியும்வரை ஒரு வாய்கூடக் கொடுத்துவிடாதே. நம் அடுப்பில் வெந்ததைத் தின்றவன்மேல் நம் கை படக்கூடாது. அது விருந்தாளிகளைக் காக்கிற ஜீயஸ் தெய்வம் போட்ட கட்டளை. நான் மாற்ற முடியாது."

"எப்போது தெரியும் ஐயா?"

"ஞாபகம் வரும்போது."

"வராமலே பசியில் செத்துப்போனால்?"

பித்தியாஸ் தாடியைச் சொறிந்தார். "அப்போது எந்த ஊர் என்கிற பிரச்சினையே இருக்காது," என்றார், கொஞ்சம் ஆறுதலாக.

சூரியன் மேற்கே சாய்ந்தது. கூட்டம் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தது. அவன் தலை மரத்தில் சாய்ந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. தியானோ உள்ளே போய் அடுப்பின் முன் நின்றாள். இவன் ஓரியாக்காரனாக இருந்தால் பட்டினி போடுவது பாவம். தாம்னோஸ்காரனாக இருந்தால் சோறு போடுவது நிகாண்டருக்குச் செய்கிற துரோகம். இரண்டில் எது என்று தெரியாமலே ஏதோ ஒன்றை அவள் இந்தக் கணமும் செய்துகொண்டிருக்கிறாள். கீழே பார்த்தபோது கிண்ணத்தில் கஞ்சி இருந்தது. கை முடிவு செய்துவிட்டிருந்தது. அவளிடம் கேட்கவில்லை.

அவள் கிண்ணத்தை அவன் மடியில் வைத்தாள். யாரும் தடுப்பதற்குள் அவன் குடிக்கத் தொடங்கிவிட்டான். பாதி குடித்ததும் சட்டென்று நிறுத்தினான்.

"என் அம்மா இதில் புதினா போடுவாள்," என்றான்.

"எங்கே?" என்றாள் தியானோ.

"தாம்னோஸில்." அவன் முகம் மெல்ல மெல்லக் கூடி வந்தது. தண்ணீர் தெளிவதுபோல. "நான் ஆர்கியாஸ். படகோட்டி."

தரையிலிருந்து கற்கள் கைக்கு ஏறுகிற சத்தம் கேட்டது.

"போன வசந்தத்தில் ஒரு படகு..." என்றாள் அவள்.

"அந்தப் படகில் இருந்தேன். மூன்றாவது துடுப்பு." அவன் அவளைப் பார்த்துச் சொன்னான். "மோதிய பிறகு தண்ணீரில் கிடந்த ஒருவர் என் துடுப்பைப் பிடித்தார். நான் அதை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டேன்."

அது நிகாண்டரா, மற்ற நால்வரில் ஒருவரா, அவனுக்குத் தெரியாது. அவளும் கேட்கவில்லை.

பித்தியாஸின் கையில் இருந்ததுதான் பெரிய கல். "எவ்வளவு குடித்தான்?" என்று கேட்டார்.

"பாதி," என்றாள் கோர்கோ. "பாதிக் கஞ்சி குடித்தவன் விருந்தாளி ஆகிவிடுவானா?"

"ஒரு வாய் போதும் என்றுதானே சொல்வார்கள்?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"அது ரொட்டிக்கு. கஞ்சிக்கு இல்லை."

"கஞ்சிக்கும் சேர்த்துத்தான்!"

அது பற்றி அங்கே யாருக்கும் தெளிவாக எதுவும் தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் தியானோவைப் பார்த்தார்கள். அடுப்பு அவளுடையது. மிச்சக் கஞ்சியோடு அவள் கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அவன் விருந்தாளி இல்லை. அதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.

ஆர்கியாஸுக்கும் அது தெரிந்திருந்தது. தாம்னோஸிலும் வழக்கம் அதுதான். அவனே கிண்ணத்தை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். கற்களோடு கைகள் உயர்ந்தன.

தியானோ கிண்ணத்துக்குள் பார்த்தாள். மேலே ஆடை படிந்திருந்தது. அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். கல்லெறிவதற்கு அவளும் வெளியே வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தாள். கிண்ணம் விளிம்புவரை நிறைந்து ஆவி பறந்தது.

"ஆறிப்போயிருந்தது," என்றாள். குரலில் கோபம்தான் இருந்தது. கஞ்சி தளும்பி அவள் விரலிலேயே கொஞ்சம் சிந்திச் சுட்டது. "சூடாகக் குடி."

அவன் குடித்தான். அழுதபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தான். பித்தியாஸுக்குக் கையிலிருந்த கல்லை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரவல் வாங்கிய பொருளைப்போல அதைச் சுவர்மேல் மெதுவாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ஆர்கியாஸைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். யாரும் கையசைக்கவில்லை.

அன்று பால் கறக்கும்போது ஆடு கேட்டது: "ஏன் அப்படிச் செய்தாய்?"

"தெரியவில்லை."

"வந்தவுடனே அவன் பெயரைச் சொல்லியிருந்தால்?"

தியானோ கறப்பதை நிறுத்தினாள். "முதல் கல் என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்," என்றாள்.

ஆடு ஒரு வாய் வைக்கோலை இழுத்து மென்றது.

ஆர்கியாஸ் தாம்னோஸில் இதைச் சொல்ல, அங்கேயும் பலருக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வாசலில் தாங்கள் என்ன செய்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தார்கள். நினைத்ததை யாரும் வெளியே சொல்லவில்லை.

அன்று முதல்தான், கடல் தாண்டி வந்த முகம் தெரியாத ஒருவர் வாசலில் நின்றால் யவனர்கள் முதலில் உணவைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர் உண்டு முடித்து வாயைத் துடைத்த பிறகே ‘நீங்கள் யார்?’ என்று கேட்கிறார்கள்; பெயர் தெரிந்த பிறகும் உணவு வைப்போம் என்று சொல்லும் அளவுக்கு அவர்களில் யாருக்கும் தங்கள்மேல் நம்பிக்கை இல்லை.