ஓலையின் பின்பக்கம்

கீரனேந்தல் பக்கத்தில் இந்தக் கதையை யார் சொன்னாலும் ஒச்சம்மாளின் ஆட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். இரண்டு குட்டி ஈன்றிருந்த அந்த ஆடு, ஜமீன்தாரின் பல்லக்கில் கட்டியிருந்த மல்லிகைச் சரத்தைத் தின்றுவிட்டது. சேவகர்கள் அதை அரண்மனையில் கட்டிப்போட்டார்கள். வீட்டில் குட்டிகள் பாலுக்குக் கத்தின.

ஒச்சம்மாள் ஓடிப்போய், "மன்னிச்சிருங்க எசமான்" என்றாள்.

தமக்குப் பெரும்புலமை உண்டென்று நம்பியிருந்த ஜமீன்தார் சிரித்தார். "பழைய சொல்! இந்தச் சபையில் யாரும் சொல்லாத சொல்லைச் சொல், ஆட்டை அவிழ்த்துவிடுகிறேன். புலவரே, பழைய விண்ணப்பங்களை வாசியும்!"

புலவர் ஓலைக்கட்டைப் பிரித்து வாசித்தார்: "பொறுத்தருள்க... இரங்குக... மனமிளகுக... கருணை காட்டுக... பிழை தள்ளுக..."

ஒச்சம்மாள் கடைசிவரை கேட்டாள். "எசமான் இணங்கினா அதை ஓலையோட பின்பக்கத்துல எழுதுறதுதானே வழக்கம், சாமி? அதையும் வாசிங்க."

புலவர் ஓலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எதிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"யாரும் சொல்லாத சொல்லு அந்தப் பக்கத்துக்கு உள்ளது, எசமான். அதை நான் சொன்னா எடுபடாது. நீங்கதான் சொல்லணும்" என்றாள் ஒச்சம்மாள்.

ஜமீன்தார் அவள் பெயரில் ஒரு விண்ணப்ப ஓலை எழுதச் செய்தார். பிறகு எழுத்தாணியைத் தாமே வாங்கி, ஓலையைத் திருப்பி, நெடுநேரம் யோசித்து ஒரு சொல்லைக் கீறினார்.

அது 'பொறுத்தோம்' என்பார்கள் வடக்குத் தெருக்காரர்கள். 'விட்டோம்' என்பார்கள் தெற்குத் தெருக்காரர்கள். பொழுது சாய்வதற்குள் ஆடு குட்டிகளிடம் வந்து சேர்ந்தது என்பதில் மட்டும் இரு தெருவுக்கும் மாற்றுக்கருத்து இல்லை.