கரடி சுற்றிய தட்டும் அணில் சுற்றிய தட்டும்

மலைக்காட்டில் சோலைப்பாடி என்ற ஆண் பறவை ஒன்று இருந்தது. பேர்தான் சோலைப்பாடி; அதற்குப் பாடவே தெரியாது. குஞ்சாக இருந்தபோதே யாரோ பிடித்துக் கூண்டில் அடைத்துவிட்டார்கள். தப்பித்துக் காட்டுக்கு வந்தபோது தன் இனத்துப் பாட்டில் ஒரு வரிகூட அதற்குத் தெரிந்திருக்கவில்லை. பாடாத சோலைப்பாடியை எந்தப் பெட்டையும் ஏறெடுத்துப் பார்க்காது. கூடு கட்டும் காலம் முடிய இன்னும் பத்தே நாள். அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும்.

காட்டுக்குள் ஆளில்லாத பங்களா ஒன்று இருந்தது. அங்கே இரண்டு இசைத்தட்டுப் பெட்டிகளும் ஒரே ஓர் இசைத்தட்டும் கிடந்தன. தட்டில் இருந்தது சோலைப்பாடியின் பாட்டு! மின்சாரம் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதால் மோட்டார் வேலையைக் கரடியும் மலையணிலும் பார்த்துவந்தன.

கரடியின் பெட்டியில் மோட்டாரின் இடம் தட்டுக்கு நேர் அடியில். கரடி அங்கே மல்லாந்து படுத்து அச்சைக் கையாலேயே சுற்றும். அணிலின் பெட்டியில் அந்த இடம் ஒரு மூலையில். அணில் அங்கே சின்னச் சக்கரம் ஒன்றை மிதிக்கும். சக்கரத்திலிருந்து ஒரு ரப்பர் பட்டை போய்த் தட்டைச் சுழற்றும். பாட்டுக் கற்கச் சோலைப்பாடி அங்கே வந்து சேர்ந்தது.

"நம்மகிட்ட வா தம்பி," என்றது கரடி. "நடுவுல பட்டை கிட்டை எதுவும் கிடையாது. சுத்துன்னா சுத்தும், நில்லுன்னா நிக்கும்."

"போ, போய்ப் பட்டுட்டு வா," என்றது அணில்.

சோலைப்பாடி மூன்று நாள் கரடியிடம் படித்தது. நான்காம் நாள் காலை கிளையில் உட்கார்ந்து பாடியது. ஒரு பெட்டை பறந்து வந்து பக்கத்துக் கிளையில் அமர்ந்தது. முதல் வரி முடிந்ததும் பாட்டுக்குள் 'குடுகுடு'வென்று ஒரு சத்தம். பெட்டை அலறிப் பறந்தது. "ஐயோ, கரடி!"

விஷயம் இதுதான். கரடி பலாப்பழத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறது. வயிற்று இரைச்சல் அச்சு வழியாக ஏறித் தட்டுக்கும் முள்ளுக்கும் போய்விட்டது. பாவம் பறவை, அதையும் பாட்டு என்று நம்பி ஒழுங்காக மனப்பாடம் செய்திருக்கிறது.

"அது வயிறு இல்ல, தாளம்," என்றது கரடி, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அடுத்த மூன்று நாள் அணிலிடம். இங்கே பாட்டு சுத்தமாகக் கேட்டது. அணில் இரைக்க இரைக்க மிதித்தாலும் அந்த அதிர்வைப் பட்டை தட்டுவரை விடவில்லை. ஆனால் வெயில் ஏறினால் பட்டை தொய்யும். பாட்டு தூங்கி வழியும். பாட்டின் நடுவில் ஒரு சிக்கலான வளைவு. "அந்த இடம் மறுபடி, அக்கா," என்று பறவை கேட்டால், தட்டு நின்று, மறுபடி கிளம்பி, வேகம் பிடிப்பதற்குள் அந்த இடம் தாண்டிவிடும். மூன்று நாளில் பாட்டின் தலையும் வாலும் வந்தன. நடு வரவில்லை.

"பட்டைன்னாலே இப்படித்தான்," என்று சிரித்தது கரடி.

"பட்டை உன் வயிறு மாதிரி ஊரைக் கூட்டாது!" என்றது அணில்.

சண்டை மறுநாள் முழுக்க நடந்தது. ஏழு நாள் போய்விட்டது. சோலைப்பாடிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"உங்கள்ல யார் ஜெயிச்சா எனக்கென்ன? மழை வந்துட்டா இந்த வருஷம் நான் ஒத்தையாத்தான் கிடக்கணும்."

பறவையே யோசித்துச் சொன்னது: "காலையில, வெயிலுக்கு முந்தி, அக்காகிட்ட முழுப் பாட்டையும் கேட்டுக்கறேன். எது பாட்டு, எது வயிறுன்னு புரிஞ்சிடும். அப்புறம் அண்ணன்கிட்ட அந்தச் சிக்கலான இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் படிக்கறேன்."

அப்படியே மூன்று நாள் நடந்தது. அணில் விடியுமுன் எழுந்தது. கரடி பலாப்பழத்தைத் தொடவில்லை. அதற்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று கரடிகளுக்குத்தான் தெரியும்.

பத்தாம் நாள் மாலை மேகம் கறுத்தது. சோலைப்பாடி கிளையேறிப் பாடியது. நடு வளைவு வந்தது, வழுக்காமல் கடந்தது. பங்களாவில் கரடியும் அணிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டன. ஒரு பெட்டை வந்து பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டது.

"கூடு கட்டப் பொந்து பார்த்து வெச்சிருக்கியா?"

"இல்ல. பாட்டு படிக்கவே நேரம் சரியாப்போச்சு."

"சரி, வா. மழைக்கு முன்னால ரெண்டு பேருமா தேடுவோம்," என்றது பெட்டை.

எது உசத்தி என்று வாதாடிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். எது எதற்கு உதவும் என்று பார்த்தால் காரியம் ஆகும்.