செவலையின் காதில் ஒரு கறுப்புப் புள்ளி

குழந்தைகளே, கதைக்குள் போவதற்கு முன், உலகில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு பெரும் பிழையைத் திருத்தியாக வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

நாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறதே உண்ணி, அதைப் பூச்சி என்று பலரும் சொல்கிறார்கள். அது பூச்சி அல்ல. பூச்சிக்கு ஆறு கால். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். அது சிலந்திக்கும் தேளுக்கும் சொந்தம். ஈக்கும் எறும்புக்கும் வெறும் தூரத்து உறவுதான். இது தெரியாமலே படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை மன்னித்துவிடுவோம். குட்டி உண்ணிக்கு ஆறு கால்தான் என்று உங்களில் யாராவது கை தூக்கலாம். தூக்கியவர் கெட்டிக்காரர். கையை இறக்கிவிட்டுக் கதையைக் கேட்கட்டும்.

ஒரு காட்டை ஒட்டி ஒரு வீடு. அந்த வீட்டில் செவலை என்றொரு நாய். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும். இந்த ஒரு குறையைத் தவிர மற்றபடி நல்ல நாய்.

வீட்டுக்காரர்கள் காலையில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை கோழியையும் குஞ்சுகளையும் செவலை காவல் காக்கும். மாலையில் குழந்தையைத் தூளியில் போட்டதும், தூளிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உலகில் அதற்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஒருநாள் காலை, வேலியோரம் நின்ற மரத்திலிருந்து குரங்கு ஒன்று கத்தியது.

"டேய் செவலை! உன் காதுக்குப் பின்னால் என்ன அது, கறுப்பாக?"

"எங்கே?"

"காதுக்குப் பின்னால்!"

செவலை தன் காதுக்குப் பின்னால் பார்ப்பதற்காக மூன்று சுற்றுச் சுற்றியது. காதும் கூடவே சுற்றியது.

"எனக்குத் தெரியவில்லையே! என்ன அது?"

"உண்ணி! வேறென்ன?" என்றது குரங்கு. அது மரத்தின் உச்சிக் கிளையில் இருந்தது. கீழே இறங்கிப் பார்க்கும் அளவுக்கு அதற்குப் பொறுமை கிடையாது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்கள் போய் விசாரிக்க வேண்டும். விசாரிக்கப் போனவர் ஒரு வைத்தியமாவது சொல்ல வேண்டும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது பாசமில்லாதவர் பேச்சு. சொன்ன வைத்தியத்தை நோயாளி வேண்டாம் என்பது அதைவிட மோசம், தலைமுறைப் பகையாகிவிடும். ஆகையால் அந்தக் காட்டில் நோயில் இளைத்தவர்களைவிட வைத்தியத்தில் இளைத்தவர்களே அதிகம்.

உண்ணிச் செய்தி பரவியது. முதலில் குரங்கே வேலி தாண்டிக் குதித்தது.

"இதெல்லாம் ஒரு விஷயமா? பிடித்தோம், இழுத்தோம், எறிந்தோம்!"

பிடித்தது. இழுத்தது. செவலை போட்ட ஊளையில் மரத்திலிருந்த கிளிகள் பறந்துபோயின.

"பார்த்தாயா, எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது! இது சாதாரண உண்ணி இல்லை. கிழட்டு உண்ணி" என்றது குரங்கு.

அடுத்து கரடி வந்தது. இளகிய மனம் கொண்ட கரடி. அடையோடு தேன் கொண்டுவந்திருந்தது.

"தம்பி, அழாதே. உண்ணிமேல் தேனைப் பூசினால் மூச்சு முட்டி அதுவே வெளியே வந்துவிடும்."

"நிச்சயமாகவா அண்ணே?"

"தேன் கெடுத்த காரியம் என்று ஒன்றை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா?"

காது முழுக்கத் தேன் பூசினார்கள். உண்ணி வெளியே வரவில்லை. எறும்புகள் வந்தன.

"வருகிறதா?" என்று கரடி ஆவலோடு கேட்டது.

"ஏதோ ஊர்கிறது அண்ணே" என்றது செவலை, கண்ணில் நீர் மல்க.

"ஆ! கிளம்பிவிட்டது!"

மூன்றாவதாக வந்தது முள்ளம்பன்றி. தன்னிடம் இருப்பதைத்தானே ஒருவர் கொடுக்க முடியும்? முதுகைத் திருப்பி ஒரு குத்துக் குத்தியது. ஒரு சொட்டு இரத்தம் வந்தது.

"இது உண்ணி குடித்த இரத்தம்" என்று குரங்கு அறிவித்தது. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான்காவதாக நரி வந்தது. அது மட்டும் செவலையின் அருகில் குனிந்து, தேனுக்கும் எறும்புக்கும் நடுவே அந்தக் கறுப்புப் புள்ளியை நன்றாகப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் அது என்னவென்று நரிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை மென்று விழுங்கிவிட்டு, பெருமூச்சு விட்டது.

"செவலை அண்ணே, உங்களை நினைத்தால் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் குழந்தையை நினைத்தால்தான்..."

"குழந்தைக்கு என்ன?" செவலையின் வால் கீழே இறங்கியது.

"ராத்திரி தூளிக்கு அடியில்தானே படுக்கிறீர்கள்? உண்ணி தூளிக்கயிற்றில் ஏறினால்? பச்சைப்பிள்ளை உடம்பாயிற்றே! வீட்டுக்காரர்கள் பார்த்தால் உங்களை வாசல் பக்கமே விடமாட்டார்களே!"

காது போனாலும் போகட்டும். தூளிக்கு அடியில் வேறொரு நாய் படுத்திருப்பதாகச் செவலையின் மனக்கண்ணில் ஒரு காட்சி ஓடியது. அதைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

"வைத்தியம் சொல்லுங்கள் நரியாரே! எதுவானாலும் செய்கிறேன்."

"குளத்துக்குப் போங்கள். காது நனையும்வரை தண்ணீரில் இறங்கி, பொழுது சாயும்வரை அசையாமல் உட்காருங்கள். உண்ணிக்கு நீச்சல் தெரியாது."

"கோழியும் குஞ்சுகளும்?"

"நான் எதற்கு இருக்கிறேன்?" என்றது நரி.

செவலை தயங்கியது. யார் சொன்னாலும் நம்பும் நாய்க்குக்கூட இந்த இடத்தில் ஏதோ இடித்தது. "இல்லை... அது வந்து..."

"வைத்தியத்தை வேண்டாம் என்கிறாயா?" என்று குரங்கு அதிர்ந்தது. "என் வைத்தியத்தை ஏற்றாய். கரடி அண்ணன் வைத்தியத்தை ஏற்றாய். நரி மட்டும் இளக்காரமா?"

"அப்படிச் செய்யாதே தம்பி. பாவம், அது வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறது" என்றது கரடி.

ஆகவே செவலை குளத்துக்குப் புறப்பட்டது. நோயாளியைத் தனியாக அனுப்பும் வழக்கமும் அங்கே இல்லாததால் கரடியும் குரங்கும் முள்ளம்பன்றியும் பின்னால் நடந்தன. நரி அடக்க ஒடுக்கமாக வீட்டோரத்து விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குப் பின்புறம் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்த கோழி, இந்த ஊர்வலத்தைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. கோழிக்கு வயிறுதான் எல்லாம். எதைப் பார்த்தாலும் அதன் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: இதைத் தின்னலாமா?

"ஏய் குரங்கு! எங்கே எல்லோரும் கூட்டமாக?"

"செவலைக்கு உண்ணி! குளத்தில் முக்கப் போகிறோம்!"

"உண்ணியா?" கோழியின் கண் பளபளத்தது. "பிள்ளைகளா, இங்கேயே கிளறிக்கொண்டிருங்கள். அம்மா இதோ வந்துவிட்டேன்."

செவலை குளத்தில் ஒரு காலை வைப்பதற்குள் கோழி மூச்சிரைக்க ஓடிவந்து குறுக்கே நின்றது.

"நில்லடா! தண்ணீரில் ஊறினால் ருசியே போய்விடும். எங்கே, குனி!"

"வலிக்குமா அக்கா?"

"எனக்கு எப்படித் தெரியும்? குனி!"

செவலை குனிந்தது. கோழி தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்தது. மறுபக்கம் சாய்த்து வலது கண்ணால் பார்த்தது. போகிற போக்கில் நான்கு எறும்புகளைக் கொத்தித் தின்றது. பிறகு நிமிர்ந்தது.

"கால் எங்கே?"

"என்ன கால்?" என்றது கரடி.

"உண்ணியின் கால். ஓரத்தில் எட்டுக் கால் தெரிய வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லையே!"

"கால் உள்ளே போயிருக்கும்" என்றது குரங்கு.

"உள்ளே போவது வாய். நீ சாப்பிடும்போது காலையா சோற்றுக்குள் விடுகிறாய்?"

குரங்கு தன் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டது.

"ச்சே! இது மரு. வெறும் மரு! நாயோடு பிறந்து நாயோடு வளர்ந்தது. இதற்காகவா நான் குப்பையை விட்டுவிட்டு ஓடிவந்தேன்?" என்று கோழி இரண்டு காலாலும் மண்ணை வாரி இறைத்தது.

"மருவா?" என்றது செவலை. "அப்படியானால் நான் தூளிக்கு அடியில் படுக்கலாமா?"

"எங்கே வேண்டுமானாலும் படு. வந்தது வந்துவிட்டேன், வேறெங்காவது நல்லதாக ஒன்று இருக்கிறதா பார்க்கிறேன். புரண்டு படு."

செவலை மல்லாந்தது. கோழி கழுத்தைப் பார்த்தது, அக்குளைப் பார்த்தது, வயிற்றைப் பார்த்தது. முன்னங்கால் விரல்களுக்கு நடுவே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

அங்கே மிளகு அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குக் கால்கள் இருந்தன.

"ஆமாம், அங்கே இரண்டு நாளாக ஒரே அரிப்பு. காதைப் பற்றிய கவலையில் மறந்தே போனேன்" என்றது செவலை.

"விடு, நான் இழுக்கிறேன்!" என்று குரங்கு பாய்ந்தது.

"கையை எடு! நீ வெடுக்கென்று இழுத்தால் பாதி உனக்கு வரும், பாதி இவன் தோலுக்குள் நிற்கும். எனக்கு முழுசாக வேண்டும்."

"தேன்?" என்றது கரடி தயக்கத்தோடு.

"தேன் தடவினால் உண்ணி அதையும் சேர்த்துச் சாப்பிடும். எல்லோரும் தள்ளி நில்லுங்கள்."

கோழி அலகை உண்ணியின் அடிப்பக்கம், தோலை ஒட்டி வைத்துப் பிடித்தது. திருகவில்லை, நசுக்கவில்லை. நேராக, மெதுவாக, விடாமல் இழுத்தது. உண்ணி முழுசாக வந்தது. கோழி அதைத் தரையில் வைத்து, தலை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, கொத்தி வாயில் போட்டது.

"ருசி எப்படி?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"உப்புக் கொஞ்சம் கம்மி" என்றது கோழி. விழுங்கப்போகும்போதுதான் அதற்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "ஏண்டா செவலை, நீ இங்கே இருக்கிறாய். வீட்டில் யார் காவல்?"

"நரியார்."

உண்ணி கோழியின் தொண்டையில் பாதி வழியில் நின்றது.

அதன்பிறகு கோழி என்ன சொல்லித் திட்டியது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அதைக் கேட்டு முடிக்கச் செவலை அங்கே இல்லை. நான்கு காலும் தரையில் படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

விறகுக் குவியலுக்கு முன்னால் குஞ்சுகள் வரிசையில் நின்றன. நரி மிகுந்த அன்போடு பேசிக்கொண்டிருந்தது.

"பயப்படக் கூடாது கண்ணுகளா. உண்ணிச் சோதனை, அவ்வளவுதான். ஒவ்வொருவராகக் குவியலுக்குப் பின்னால் வர வேண்டும். முதலில் யார் சமத்து?"

எல்லாவற்றிலும் சின்னக் குஞ்சு ஒன்று 'நான்தான்' என்று முன்னால் வந்தது. குவியலின் ஓரத்தைத் தாண்டி அது ஓரடி வைத்தபோது, செவலை வேலியைத் தாண்டிக் குதித்தது.

"அண்ணே! அதற்குள் குணமாகிவிட்டதா?" நரி எழுந்து நின்றது. "பிள்ளைகளுக்கு உண்ணி ஒட்டியிருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

"எதனால் பார்க்கிறீர்கள்?"

"பல்லால்தான். அது பெரிய படிப்பு அண்ணே, உங்களுக்குப் புரியாது."

"கொஞ்சம் கொஞ்சம் புரிகிறது. எங்கே, திரும்புங்கள், நானும் பழகிக்கொள்கிறேன்" என்றது செவலை.

நரி ஓடுவதற்காகத் திரும்பியது. செவலை பழகிக்கொண்டது. வேலியைத் தாண்டிப் போன நரியின் வால் கொஞ்சம் குட்டையாக இருந்தது. சின்னக் குஞ்சு குவியல் ஓரத்திலேயே நின்று, "அப்போ எனக்கு உண்ணி இருக்கிறதா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலை செவலை தூளிக்கு அடியில் படுத்துத் தூங்கியது. மறுநாள் முதல் தினமும் காலையில் கோழி செவலையின் விரல் இடுக்குகளைப் பார்த்துவிட்டுத்தான் குப்பைமேட்டுக்குப் போகும். குஞ்சுகளும் கூடவே வந்து பார்க்கக் கற்றுக்கொண்டன. அவற்றில் ஒன்று ஒருநாள் அந்த மருவைக் கொத்திவிட்டது. அந்தக் குஞ்சு இப்போது வால் பக்கம் மட்டும்தான் பார்க்கிறது.

இதனால் பெறப்படும் நீதி: வைத்தியம் சொல்வதற்கு முன் நோயைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகும் உண்மையைச் சொல்லாதவரைக் காவலுக்கு வைக்கக் கூடாது.