பதில் தட்டாத தொடை

முதலில் அநியாயம் செய்தவன் பேச்சிமுத்து.

கோயில் கொடையன்று, மல்லுக்களத்தில், இருளப்பன் அவன் முன்னால் போய்த் தொடை தட்டினான். தட்டினால் எதிராளி பதிலுக்குத் தட்ட வேண்டும். அப்புறம் தோற்றாலும் கௌரவம்தான். தட்டாமல் விட்டால், நீ எனக்கு ஆளே இல்லை என்று அர்த்தம்.

பேச்சிமுத்து தட்டவில்லை. இருளப்பனின் குச்சிக் காலைப் பார்த்தான்.

"கொக்குக்கு எதுக்குடா லங்கோடு?"

ஊரே சிரித்தது. பேச்சிமுத்து கலர் சோடா குடிக்கப் போய்விட்டான்.

மறுநாளே இருளப்பன் கரீம் உஸ்தாத்தின் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். உஸ்தாத் அவனைவிட ஆறு வயது இளையவர்.

தினம் ஐந்நூறு பஸ்கி. உட்கார்ந்து எழும்போதெல்லாம் காதுக்குள் ஒரு சத்தம் கேட்கும். பேச்சிமுத்துவின் உள்ளங்கை அவனுடைய தொடையிலேயே விழுகிற சத்தம். அன்றைக்கு விழாத சத்தம். அதைக் கேட்பதற்காகவே மறுபடி உட்காருவான்.

பதினோரு வருஷம் போனது.

"இன்னும் எவ்வளவு தடிக்கணும், உஸ்தாத்?"

"எதுக்குண்ணே?"

"அவன் பதில் தட்டுறதுக்கு."

உஸ்தாத் அவன் தொடையில் ஒரு குத்து விட்டுப் பார்த்தார். பிறகு தன் கையை உதறிக்கொண்டார்.

"இதுக்கு மேலே போனா கைலி பத்தாது. போய்க் கேட்டுட்டு வாங்க."

போனான்.

பேச்சிமுத்து வீட்டு வாசலில், நாற்காலியில், இடுப்புக்குக் கீழே போர்வையோடு உட்கார்ந்திருந்தான். இருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டினான். தெருவே திரும்பிப் பார்க்கத் தொடை தட்டினான்.

"அடேய் கொக்கு!" பேச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. "என்னடா இது, தேக்குமரமாட்டம்! இதோட அன்னிக்கே வந்திருக்கக் கூடாதா?"

"பதில் தட்டு."

பேச்சிமுத்து போர்வையை விலக்கினான். சர்க்கரை வியாதியில் இரண்டு காலையும் தொடையோடு எடுத்திருந்தார்கள்.

"எதைத் தட்டட்டும்? நீயே சொல்லு."

இருளப்பன் கூடத்துக்குத் திரும்பி வந்து மண்ணில் உட்கார்ந்தான்.

"ஏமாத்திட்டான், உஸ்தாத். இனிமே எனக்கு யார் தட்டுவா?"

உஸ்தாத் சட்டையைக் கழற்றினார். அவன் எதிரே வந்து நின்றார். தன் தொடையில் ஓங்கித் தட்டினார்.

கூடத்தில் இருந்தவர்கள் பஸ்கியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். எந்தச் சீடனுக்கும் உஸ்தாத் தட்டி அவர்கள் பார்த்ததில்லை.

இருளப்பன் கண்ணை மூடிக் கேட்டான். சத்தம் அடங்கும்வரை கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஆனா அவன் கை இல்லையே, உஸ்தாத்."

"இல்லைதான்," என்றார் உஸ்தாத். "நான் தட்டிட்டு, பதிலுக்கு நிக்கிறேண்ணே."