ரோமாபுரியில் ஒரு தும்மல்

வேடசந்தூரில் மூன்று சிமெண்ட் கடைக்காரர்கள் இருந்தார்கள். மூன்று பேர் மூளையையும் கொட்டிக் கலந்தாலும் ஒரு சட்டி கலவை தேறாது. ஆனால் மூட்டை மட்டும் மளமளவென்று விற்றார்கள். மகிழ்ந்துபோன கம்பெனி மூவரையும் இலவசமாக ரோமாபுரிக்கு அனுப்பிவைத்தது.

மியூசியம் வாசலில் டூர் மேனேஜர் மங்கையர்க்கரசி கைகூப்பிக் கெஞ்சினாள்.

"சார்... ப்ளீஸ் சார். மூணே விஷயம். கையால எதையும் தொடாதீங்க. சத்தம் போடாதீங்க. எது காணாமப் போனாலும் என்கிட்ட ஓடி வராதீங்க, முதல்ல நீங்களே தேடுங்க."

நேற்றுதான் மூவரில் ஒருவரான நல்லுச்சாமி, நெற்றிமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று அவளை நாலு தெரு ஓடவிட்டிருந்தார்.

மூவரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள். முதல் அறையில் காலை வைத்ததுமே சடையாண்டிக்கு மூக்கு அரித்தது. கண்ணை இறுக்க மூடி ஒரு தும்மல் போட்டார். கண்ணைத் திறந்தால், எதிரே நின்ற சலவைக்கல் ஆசாமிக்குத் தலை இல்லை!

"என்னடா மாப்ளே பண்ணித் தொலைச்சே?" என்றார் நல்லுச்சாமி, கிசுகிசுப்பாக. சத்தம் போடக் கூடாதே!

"தும்மினேன் மாமா."

"தும்முறதுக்கு முன்னாடி தலை இருந்துச்சா?"

"பாக்கலையே. கண்ணை மூடிட்டேன்."

ரத்தினவேல் வக்கீல் மாதிரி தொண்டையைச் செருமினார். "தலை இல்லாம எவனாவது சிலை செய்வானா? அப்ப இருந்துச்சு, இப்ப இல்ல. நடுவுல நடந்தது உன் தும்மல் ஒண்ணுதான்."

சடையாண்டி அழ ஆரம்பித்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். "என்னைய உள்ள தூக்கிப் போட்டுட்டா, பொண்ணைத் தாரை வார்த்துக் குடுக்கிறது யாரு மாமா?"

"அழாதே. மேனேஜரம்மா என்ன சொல்லுச்சு? காணாமப் போனா நாமதான் தேடணும்."

தேடினார்கள். பெஞ்சுக்கு அடியில் தேடினார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாவின் பைக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த அறைக்குள் நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சுவரோரமாக, வெறும் தலைகள். நாற்பது இருக்கும்.

"ஒரே தும்மலுக்கு இத்தனையாடா?" என்றார் ரத்தினவேல்.

"எனக்கு எப்பவுமே பலமாத்தான் வரும்," என்று விசும்பினார் சடையாண்டி.

இதில் எந்தத் தலை அந்த உடம்புக்கு? நல்லுச்சாமி தாடையைத் தடவினார். "மூஞ்சிக்கு நேரா தும்மினா யாரா இருந்தாலும் முகத்தைச் சுளிப்பான். சுளிச்ச மூஞ்சியாப் பாரு."

ஒன்று கிடைத்தது. சுருட்டை முடி, சுளித்த முகம். கையால்தானே தொடக் கூடாது? மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, நெற்றியால் முட்டித் தள்ள ஆரம்பித்தார்கள்.

கணகணவென்று மணி அடித்தது.

"தீபாராதனைடா!" என்றார் நல்லுச்சாமி. காவலர்கள் ஓடிவந்தபோது மூவரும் கண்மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலேயே மங்கையர்க்கரசியும் மூச்சிரைக்க ஓடிவந்தாள். சடையாண்டி ஒரு காவலர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அய்யா, தும்மினது நான்தான்! வெள்ளிக்கிழமை முகூர்த்தம் மட்டும் முடியட்டும். சனிக்கிழமை நானே வந்து ஜெயில்ல உக்காந்துக்கிறேன்."

அவள் அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். காவலர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சார், அந்தத் தலை போய் ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு சார்!" என்றாள்.

சடையாண்டிக்கு உயிர் திரும்பி வந்தது. பஸ்ஸில் ஏறி, கல்யாணப் பந்தி மெனுவைக்கூடப் பேச ஆரம்பித்துவிட்டார். பஸ் ஒரு திருப்பத்தில் திரும்பியது. எதிரே கொலோசியம். மலை மாதிரி கட்டடம், ஒரு பக்கம் பாதிச் சுவரைக் காணோம்.

இரண்டு தலைகள் மெல்ல சடையாண்டி பக்கம் திரும்பின.

"சத்தியமா மூக்கைப் பொத்திக்கிட்டுதான் வந்தேன்!"

"இது எப்ப மேடம்?" என்று கேட்டார் ரத்தினவேல்.

"இதைக் கட்டியும் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு சார்."

"பாத்தியா? ரெண்டும் ஒரே சமயம். ஒரே ஆள் வேலைதான்."

நல்லுச்சாமி நெருங்கி உட்கார்ந்தார். "மாப்ளே, உண்மையைச் சொல்லு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நீ எங்க இருந்தே?"

சடையாண்டி யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "ஞாபகம் இல்லியே மாமா."

"போலீஸ்ல அப்படிச் சொல்லி வைக்காதேடா!" என்று பதறினார் ரத்தினவேல். "அன்னிக்குப் பூரா வேடசந்தூர்ல எங்ககூடச் சீட்டாடிட்டு இருந்தேன்னு சொல்லு. நாங்க ரெண்டு பேரும் சாட்சி. அப்புறம், ஜெயிச்சது நான்தான். அதையும் சேத்துச் சொல்லிரு."